பத்து ரூபாய்க்கு எண்ணெய் கிடைக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நியூயார்க் நகரின் ஐந்து பகுதிகளிலும் நகர நிர்வாகமே தலா ஒரு மளிகைக் கடை நடத்தும் என்று மேயர் ஸோரான் மம்தானி சொன்னதைப் பற்றி இங்கேயும் காரசாரமாகப் பேசுகிறார்கள். எனக்குச் சிரிப்புதான் வருகிறது. மளிகை விற்கும் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-ல் தொடங்கியது. சென்னை மாநகராட்சி 2013-லிருந்து அம்மா உணவகங்களில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்கிறது. அரசு கடை வைக்கலாமா என்பது நமக்குப் பழைய கேள்வி. எங்கே வைப்பது, எப்படி விற்பது என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

நான் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையில் 26 ஆண்டுகள் விற்பனையாளராக இருந்தவன். என் தங்கை குடும்பம் சென்னையின் தென்கோடியில் கண்ணகி நகரில் இருக்கிறது. ஆற்றோரம், கால்வாயோரம் இருந்தவர்களைக் கொண்டுபோய்ப் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் குடியமர்த்திய இடம். அங்கே ரேஷன் கடை உண்டு. அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஆனால் பருப்பும் எண்ணெயும் மாதத்துக்கு ஒரு கிலோ, ஒரு லிட்டர்தான். அது தீர்ந்ததும் பெட்டிக்கடை. காய்க்குத் தள்ளுவண்டி.

"பஸ் ஏறி எங்க கடைக்கு வாயேன், விலை குறைச்சல்" என்று ஒருமுறை தங்கையிடம் சொன்னேன். "பஸ்ஸு ஃப்ரீதாண்ணா. பத்து ரூபாய்க்கு எண்ணெய் குடுப்பீங்களா?" என்று கேட்டாள். எங்களிடம் அரை லிட்டர் பாக்கெட்டுக்குக் கீழே கிடையாது. அவள் வீட்டுக்காரருக்குக் கூலி கையில் வருவது சாயங்காலம் ஏழு மணிக்கு. அந்நேரம் நாங்கள் கணக்கு முடித்துக்கொண்டிருப்போம். பெட்டிக்கடைக்காரர் விலையைக் கூட்டித்தான் விற்கிறார். அது அவளுக்கும் தெரியும்.

காய்கறிக்கு வருகிறேன். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் 82 ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றார்கள். ஆக, மனசு வைத்தால் முடியும். அப்புறம் ஏன் தினமும் நடப்பதில்லை? எங்கள் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். அழுகிய கீரையும் வாடிய கத்தரிக்காயும் சேதாரக் கணக்கைத் தாண்டினால் விற்பனையாளர் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதனால் அழுகாத சோப்பும் ஊதுபத்தியும் அடுக்கிவைத்துப் பிழைத்தோம். இதை எந்த அறிக்கையிலும் எழுத மாட்டார்கள்.

என் யோசனை இதுதான்: கண்ணகி நகர் போன்ற குடியிருப்புகளின் தரைத்தளத்தில் மாநகராட்சி வாடகையில்லாத இடமும் கரண்டும் கொடுக்கட்டும். அந்தப் பகுதி மகளிர் சுய உதவிக் குழுக்கள் கடையை நடத்தட்டும். சேதாரத்தை மாநகராட்சியே ஏற்க வேண்டும். எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்கச் சட்டம் இடம் தராது. சரி, 50 மில்லி பாக்கெட் போடுங்கள்.

நட்டம் வராது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் நகராட்சிக்குச் சொந்தமான வளாகத்தில் இருந்த மளிகைக் கடை, அலமாரிகள் காலியாகி 2025-ல் மூடிவிட்டது. அம்மா உணவகத்தின் நட்டக் கணக்கும் எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் சந்தைக்கு நடந்தே போய்வந்த குடும்பங்களைத் தூரத்தில் கொண்டுபோய் வைத்தது அரசுதானே? அந்தச் செலவில் ஒரு பங்கை அது ஏற்கத்தான் வேண்டும்.

கடன் மட்டும் எந்த அரசுக் கடையாலும் தர முடியாது. அதற்காகப் பெட்டிக்கடை இருக்கட்டும். நம் கடையை இரவு பத்து மணிவரை திறந்துவைத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவு விற்பனையாளர்,
சென்னை