கார்டு கையில் இருந்தால் சோதனைக்கு வருவார்களா?

தண்டையார்பேட்டை

அன்புள்ள முருகேசா,

மருமகள் வேலையில் சேர்ந்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். முதல்வர் மருத்துவக் காப்பீட்டுக்கான ஆண்டு வருமான வரம்பை 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆக்கியபிறகு நம்ம பக்கத்து ஜனங்கள் நோய் முற்றுமுன்பே சோதனைக்கு வருகிறார்களா என்று கேட்டிருந்தாய். காப்பீட்டுக் கார்டை மட்டும் நம்பினால் வரமாட்டார்கள்.

முதல்வர் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு வரும் செலவுக்கானது. இதய ரத்தக்குழாயில் அடைப்பு வந்தபின் அதை விரிக்கும் குழாயான ஸ்டென்ட் வைக்க கார்டு உதவும். அந்த அடைப்பைத் தள்ளிப்போடும் பிரஷர் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கார்டு இல்லாமலே இலவசம். அப்படியும் ஆள் வராததற்குக் காரணம் பொழுது. காசிமேட்டில் மீன் ஏலம் விடியுமுன்பே தொடங்கிவிடும், காலை ஓ.பி.க்கு (வெளிநோயாளி வரிசைக்கு) நின்றால் அன்றைய கூலி போச்சு. 2023இல் திறந்த நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலை 4 முதல் 8 வரையும் இயங்குவதை நான் பெரிதாக நினைப்பது அதனால்தான்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2008இல் ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டுக்குக் குலுக்கல் போட்டு ஆள் எடுத்தார்கள். அங்கே காப்பீடு சாதாரண டாக்டர் செலவையும் ஏற்கும். கார்டு கிடைத்தவர்கள் கொலஸ்ட்ரால், மார்பகப் பரிசோதனைகளுக்கு அதிகமாகப் போனார்கள். சர்க்கரை நோய் கூடுதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது, மாத்திரை எடுத்தவர்களும் கூடினார்கள். ஆனால் சுமார் இரண்டு ஆண்டு கழித்து அளந்தபோது ரத்த அழுத்தத்திலும் மூன்று மாதச் சர்க்கரை அளவிலும் சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை. மனச்சோர்வு மட்டும் நன்றாகவே குறைந்திருந்தது. கண்டுபிடித்தது வேறு, கட்டுக்குள் வைத்தது வேறு.

நம் முகாம்களிலும் சங்கிலி அறுவது அங்கேதான். மாடியேறி மூச்சு வாங்க வந்தவருக்கு உடனே கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைக் கட்டி 150/95 என்று எழுதிவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து இரண்டு முறை பார்க்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினாலும் அளவு ஏறிக் காட்டும். 140/90க்கு மேல் என்றால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். அந்த இன்னொரு நாள்தான் வராது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோவதன் அருமை இங்கே புரியும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனையில் வேறு தயக்கம்: மறைப்பு இல்லாத அறை, பெண் நர்ஸ் இல்லாத நாள். கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், சந்தேகத்துக்குரிய இடம் வெளுக்கிறதா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும், ரிப்போர்ட்டுக்கு மறுபடி அலைய வேண்டாம். 30 வயதுக்கு மேல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை போதும். உன் மருமகளுக்கு அந்த வயது ஆகிவிட்டதல்லவா? மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்து ஒரு சாயங்காலம் தங்கச்சியோடு அனுப்பி வை. போய் வந்ததும் எழுது.

அன்புடன்,
கோபால்