முதியோர் இல்லத் திட்டத்தில் இரவு ஷிப்ட் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தமிழகத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021இல் 13.6 சதவீதம், 2031இல் இது 18.2 சதவீதமாகும் என்பது மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் கணிப்பு. முதியோர் இல்லங்கள் பெருகத்தான் வேண்டும். ஆனால், ‘தன் வேலைகளைத் தானே செய்துகொள்பவராக இருக்க வேண்டும்’ என்பது இன்று பல இல்லங்களின் சேர்க்கை விதி. இடுப்பெலும்பு முறிந்தோ பக்கவாதம் வந்தோ படுத்துவிட்டால், ‘வந்து அழைத்துப் போங்கள்’ என்று பிள்ளைகளுக்குப் போன் போகிறது. கவனிப்பு மிகவும் தேவைப்படும் நாளில் கைவிடுவது கொடுமை. படுத்த படுக்கையாக இருப்பவரை மனதில் வைத்தே இல்லத்தைத் திட்டமிட வேண்டும்.

முதலில் ஆள் கணக்கு. 30 பேர் தங்கும் இல்லத்தில் 10 பேர் படுக்கையில் இருக்கிறார்கள் என்று கொள்வோம். காலையில் 4, மாலையில் 3, இரவில் 2 பணியாளர்கள் என்றால் வாரத்துக்கு 63 ஷிப்ட். ஒருவர் ஆறு ஷிப்ட்தான் பார்க்க முடியும். விடுப்பையும் சேர்த்தால் 12 பேர் வேண்டும். பட்ஜெட்டில் 9 பேருக்குத்தான் சம்பளம் ஒதுக்குகிறார்கள். பற்றாக்குறை வந்ததும் இரவில் ஒருவர் குறைவார்.

படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். புரட்டி, டயப்பர் பார்த்து, விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட ஒருவருக்குப் பத்து நிமிடம். பத்துப் பேருக்கு 100 நிமிடம். மீதி 20 நிமிடத்தில் மற்ற 20 பேரைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வதும் இரவில் மிஞ்சும் அந்த ஒரு பணியாளர்தான். புரட்டுவது தவறும். வாலெலும்பிலும் குதிகாலிலும் தோல் சிவக்கும். விரலால் அழுத்தியும் அந்தச் சிவப்பு வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று பொருள். காற்று மெத்தை வாங்கிப் போட்டாலும் புரட்டுவதை நிறுத்த முடியாது.

கட்டடத்தில் முக்கியமானது குளியலறை. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் உள்பக்கம் தள்ளித் திறக்க முடியாது. சக்கர நாற்காலி தாராளமாக நுழைய 90 செ.மீ. அகலம் வேண்டும். கைப்பிடிக் கம்பிக்கான இடத்தை டைல்ஸ் ஒட்டும் முன்பே குறித்து, அங்கே கான்கிரீட் நிரப்ப வேண்டும். ஹாலோ பிளாக் சுவரில் பிறகு போல்ட் அடித்தால், வழுக்கியவர் பிடிக்கும்போது கம்பியோடு பெயர்ந்து வரும். மாடி இருந்தால் ஸ்ட்ரெச்சர் நுழையும் லிஃப்ட் கட்டாயம்.

மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற முதியோர் 150 பேருக்கு இடம் தரும் இல்லம் என்கிறது 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. அந்த 150 இடத்தையும் நிலம் மலிவு என்பதற்காக ஊருக்கு வெளியே ஒரே வளாகத்தில் கட்டினால், பஸ் இல்லாத இடத்துக்கு இரவுப் பணிக்குப் பெண்கள் வரத் தயங்குவார்கள். தாலுகா அரசு மருத்துவமனைகளை ஒட்டி, 30 பேருக்கு ஒன்றாக ஐந்து இல்லங்கள் அமைக்கலாம். அரசு இல்லமோ தனியார் இல்லமோ, அனுமதி தரும் அதிகாரிகள் கட்டட வரைபடத்தோடு இரவுப் பணிப் பட்டியலையும் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
முதியோர் பராமரிப்புப் பணியாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.