டியூக்குக்கு வந்தது பொறாமையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல இங்கிலீஷ் கவிஞர் ராபர்ட் பிரவுனிங்கோட 'மை லாஸ்ட் டச்சஸ்' கவிதை பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன். ஒரு டியூக், அதாவது ஒரு சிற்றரசன், செத்துப்போன தன் பொண்டாட்டியோட படத்தை வந்த ஒருத்தர்கிட்ட காட்டிப் பேசுற கவிதை அது. பி.ஏ. இங்கிலீஷ் படிச்ச காலத்துல பரீட்சைக்காக உருப்போட்ட கவிதை, இத்தனை வருஷம் கழிச்சு தமிழ்ப் பத்திரிகையில பார்த்ததுல சந்தோஷம்தான். ஆனா கட்டுரையாளர் மொத்தத்தையும் 'சந்தேகப்பட்டு பொண்டாட்டியைக் கொன்ன புருஷன்'னு ஒரே வரியில முடிச்சிட்டாரே, அதைத்தான் என்னால ஒத்துக்க முடியல.

சந்தேகம்னா எவன் மேலன்னு ஒரு ஆள் வேணும்ல, கவிதையில அந்த ஆளே கிடையாது. படம் வரைஞ்ச ஃப்ரா பாண்டோல்ஃப்தான் அதுன்னு கட்டுரை சொல்லுது, ஆனா ஃப்ரான்னாலே மடத்துச் சாமியாருங்க, அவர் பண்ணதா டியூக் சொல்றதும் என்ன பெருசா, மேலங்கி மணிக்கட்டை ரொம்ப மறைக்குதும்மான்னோ, கழுத்துல மங்குற இந்தச் சிவப்பை எந்தச் சாயத்தாலயும் கொண்டுவர முடியாதுன்னோ சொல்லியிருப்பாராம், அவ்ளோதான். அதுக்கப்புறம் டியூக் போடுற லிஸ்ட்டைப் பாருங்க. மேற்கால பொழுது இறங்குறது, எவனோ ஒரு அதிகப்பிரசங்கி தோட்டத்துல ஒடிச்சிட்டு வந்து குடுத்த செர்ரிக் கொப்பு, அவ சவாரி போன வெள்ளைக் கோவேறு கழுதை. கோவேறு கழுதை மேல எவனாவது பொறாமைப்படுவானா சார்? அவன் எரிச்சலே வேற, இதுக்கெல்லாம் முகம் மலர்ந்த மாதிரியேதான் அவன் குடுத்த 900 வருஷத்துக் குடும்பப் பேருக்கும் மலர்ந்தா, எல்லாத்தையும் ஒரே தட்டுல வெச்சிட்டா, அதான் அவ பண்ண குத்தம்.

சரி, பிடிக்கலைன்னா 'இப்படிப் பண்ணாதம்மா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? இங்கதான் எனக்கு இப்பவும் வயித்தைப் பிசையுது. அப்படிச் சொல்றதே குனியிற வேலையாம், நான் குனியிற ஆள் இல்லைங்கறான். அதாவது தான் என்ன தப்பு பண்ணோம்னே அந்தப் பொண்ணுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. உத்தரவு போட்டேன், சிரிப்பெல்லாம் ஒட்டுக்க நின்னு போச்சுன்னு சொல்லிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிடுறான். பிரவுனிங்கையே பின்னாடி ஒருத்தர் கேட்டப்போ, கொல்லச் சொன்னதுதான்னு சொல்லிட்டு, கொஞ்சம் யோசிச்சு, இல்லன்னா கன்னிமாடத்துல அடைச்சிருக்கலாம்னாராம். எழுதினவரே இழுக்குற விஷயத்தைக் கட்டுரையாளர் எப்படி அடிச்சுச் சொல்றார்?

இன்னொண்ணு, அவளுக்கு விஷம் வெச்சதை வரலாறு மாதிரியே எழுதியிருக்கார். கவிதைக்குப் பின்னால இருக்குறதா சொல்றது இத்தாலியில ஃபெராரா ஊர் டியூக் இரண்டாம் அல்ஃபோன்சோவையும் அவர் பொண்டாட்டி லுக்ரேசியா தே மெடிச்சியையும்தான். 1558-ல கல்யாணம் ஆகும்போது அவளுக்கு 13 வயசு, 1561-ல செத்தப்போ 16. விஷம்ங்கறது அந்தக் காலத்து வதந்தி, காசநோயா இருந்திருக்கும்னுதான் இப்போ சொல்றாங்க.

கட்டுரையில திரை பத்தி ஒரு வார்த்தை கூட இல்லாததுதான் எனக்குப் பெரிய குறை. படத்துக்கு முன்னாடி ஒரு திரை, அதை அவனைத் தவிர யாரும் விலக்கக் கூடாது, உசுரோட இருந்தப்போ யார் பார்த்தாலும் சிரிச்சவ இப்போ அவன் திரையை விலக்கினாத்தான் சிரிப்பா. இதையெல்லாம் அவன் யார்கிட்ட சொல்றான், அடுத்த பொண்ணு வீட்ல இருந்து சம்பந்தம் பேச வந்த ஆள்கிட்ட! வரதட்சணையையும் மறக்காம ஞாபகப்படுத்திட்டு, படி இறங்குறப்போ வெண்கலத்துல கடல் தேவன் நெப்டியூன் கடல்குதிரையை அடக்குற சிலையைக் காட்டி, எனக்காகவே வார்த்ததுன்னு பெருமை வேற.

பெட்டிச் செய்தியில போட்ட பிரவுனிங்கோட இன்னொரு கவிதை 'போர்ஃபிரியாஸ் லவர்' பத்தியும் ஒரே ஒரு வார்த்தை, போர்ஃபிரியாங்கற பொண்ணைக் கொன்ன காதலன் பேசுறது அது. அங்கயும் பொறாமைன்னு எழுதியிருக்கீங்க, ஆனா புயல்ல நனைஞ்சு வந்து, அடுப்பு மூட்டி, அவன் தலையைத் தன் தோள்ல சாய்ச்சுக்கிட்டவளை அவ முடியாலயே கழுத்தை நெரிச்சிட்டு, அப்புறம் அவ தலையைத் தன் தோள்ல சாய்ச்சு வெச்சுக்கிறான். இந்த நிமிஷம் என்னோடது, அப்படியே இருக்கட்டும்ங்கற வெறி அது.

கடைசியா, நீங்க போட்ட 'மை லாஸ்ட் டச்சஸ்' மொழிபெயர்ப்பு. மூலத்துல 56 வரி, ரெண்டு ரெண்டு வரியா முழுக்க இயைபு, ஆனா வாக்கியம் வரிக் கடைசியில நிக்காம அடுத்த வரிக்குள்ள ஓடிடுறதால காதுக்குச் சட்டுன்னு தெரியாது, எனக்குப் பேசத் தெரியாதுங்கன்னு சொல்லிக்கிட்டே டியூக் ஒரு எழுத்து பிசகாம பேசிட்டுப் போறான், வந்த ஆளுக்கு வாயைத் திறக்க இடமே இல்ல. நீங்க என்னடான்னா ஒவ்வொரு வரிக்கும் முற்றுப்புள்ளி வெச்சிருக்கீங்க. அந்த ஆளு மூச்சு விடாமப் பேசுறான் சார், அடுத்த தடவை போட்டீங்கன்னா அந்தப் புள்ளியையெல்லாம் எடுத்துட்டுப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை