சொதியா, சோறா?

பாளையங்கோட்டை

அன்புள்ள நெல்லையப்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிசான நடவு நல்லபடியாக முடிந்ததையும், மதினி மூட்டுவலி குறைந்து நடமாடுவதையும் அறிந்து மகிழ்ந்தேன். இங்கு அனைவரும் நலம்.

மறுவீட்டு விருந்தில் நடந்ததைப் படித்ததிலிருந்து மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் பிள்ளைகள் அடுத்தடுத்து வாந்தி எடுத்தார்கள் என்றும், சொதிக்குப் பிழிந்த தேங்காய்ப்பால் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டித் சமையல் செய்த தவசிப்பிள்ளையை எல்லோரும் கடிந்துகொண்டார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். நேரில் பாராத நான் தீர்ப்புச் சொல்லலாகாது. ஆயினும் என் ஐயம் சொதியின் மீதன்று. அதிகாலையில் வடித்துப் பாயில் குவித்து வைத்திருந்த சோற்றின் மீதே.

பேசில்லஸ் செரியஸ் என்னும் பாக்டீரியா மண்ணில் வாழ்வது. வயலிலிருந்தே நெல்லோடு அரிசிக்கு வந்துவிடுகிறது. உலை கொதிக்கும்போது உயிருள்ள செல்கள் மடிந்தாலும், ஸ்போர் எனப்படும் தடித்த உறைக்குள் அடங்கியவை பிழைத்துக்கொள்கின்றன. சோறு வெதுவெதுப்பாக ஆறும்போது அவை முளைத்துப் பெருகுகின்றன. பெரிய குவியலின் நடுப்பகுதி பல மணி நேரம் அந்தச் சூட்டிலேயே இருக்கும் என்பதை நீயே கைவைத்துப் பார்த்திருப்பாய்.

இந்தக் கிருமியை நோய்க்குக் காரணமென்று நிறுவியவர் நார்வேயின் ஸ்டெய்னார் ஹௌகே. ஆஸ்லோ மருத்துவமனை ஒன்றில் வெனிலா சாஸ் சாப்பிட்டவர்கள் நோயுற்றபோது, அதிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவைச் சாஸில் வளர்த்து, சுமார் 200 மில்லி லிட்டரைத் தாமே குடித்தார். ஏறத்தாழ 13 மணி நேரம் கழித்து வயிற்றுவலியும் பேதியும் கண்டன. அந்த ஆய்வு 1955இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தன் உடலையே ஆய்வுக்கூடமாக்கிய அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் மரியாதை பெருகுகிறது.

ஆனால் ஹௌகே கண்டது பேதி வகை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நேர்ந்ததை ஒத்த வாந்தி வகை, 1970களில் பிரிட்டனின் சீன உணவகங்களில் வறுத்த சோறு உண்டவர்களிடையே வெளிப்பட்டது. அங்கே மொத்தமாக வேகவைத்த சோற்றை வெளியிலேயே மணிக்கணக்கில் வைத்திருந்து, வேண்டும்போது சட்டென்று வறுத்துக் கொடுத்தார்கள். வறுக்கும் சூட்டில் எல்லாம் செத்துப்போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. கிருமி செத்தாலும் அது முன்பே சுரந்துவிட்ட நஞ்சு சாகவில்லை. செரியுலைட் என்னும் அந்த நஞ்சு வளைய வடிவான சிறிய மூலக்கூறு. 121 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் சிதையாதது. பெரும்பாலோர் ஒரு நாளில் தேறிவிடுவது உண்மைதான். எனினும் சுவிட்சர்லாந்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இதே நஞ்சினால் கல்லீரல் செயலிழந்து மாண்ட செய்தி 1997இல் மருத்துவ இதழில் வந்தது. ஆகவே, ‘நன்றாகச் சூடு காட்டிவிட்டோம், பயமில்லை’ என்ற பேச்சை நம் வீடுகளில் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. பரிமாறுவோர் அல்லது சமைப்போரின் கைப்புண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் வரக்கூடிய ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியாவும் இதே நேரக்கணக்கில் வாந்தியை உண்டாக்கும். அதன் நஞ்சும் கொதிநீருக்கு எளிதில் அழியாது. மீந்த உணவைச் சோதித்தாலன்றி இரண்டையும் பிரித்தறிய இயலாது. அன்றைய எச்சம் எல்லாவற்றையும் உடனே கொட்டிவிட்டதுதான் எனக்கு வருத்தம்.

இதைப் படித்துவிட்டு மதினி பழைய சோற்றை நிறுத்திவிட வேண்டாம். நீரூற்றியதும் சோறு விரைவில் ஆறுகிறது. பிறகு லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் ஏற்றும் புளிப்பு இந்தக் கிருமிக்கு ஒவ்வாது. இரவு வெகுநேரம் சும்மா கிடந்த சோற்றில் நீர் ஊற்றுவதுதான் கூடாது.

பந்திக்குச் சோற்றைச் சிறு சிறு ஈடாக வடிப்பதும், 63 டிகிரிக்குக் குறையாத சூட்டில் வைத்திருப்பதும், அது முடியாவிட்டால் மெல்லிய படலமாகப் பரப்பி விரைவில் ஆற்றிக் குளிரில் வைப்பதும் தவசிப்பிள்ளைகளுக்குக் கைவராத வித்தையன்று. பாவம், அவர்மீது பழி போட்டவர்கள் யாரும் முதல் ஈடு எப்போது வடித்தது, பந்தி எப்போது தொடங்கியது என்று கேட்கவில்லை போலும். நீ அவரிடம் பக்குவமாக அந்த இரண்டு நேரங்களையும் கேட்டு எழுது. வாந்தி எடுக்காத பிள்ளைகள் எதை உண்ணவில்லை என்பதையும் விசாரித்து எழுது.

அன்புடன்,
சங்கரன்