வைட்டமின் ஏ மாத்திரை பத்தி அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

உன் மெயில் பார்த்தேன். மாமாவோட ஃப்ரெண்ட் பையனுக்கு ரத்தப் புற்றுநோய்னு கேட்டதுமே மனசு சரியில்ல. ஆனா அம்மா அவங்க வீட்டுக்கே போய் "என் புள்ள அமெரிக்காவுல வைட்டமின் ஏ-ல தான் கேன்சருக்கு மருந்து பண்றான், நீங்க கேரட்டும் முருங்கைக்கீரையும் குடுங்க, மெடிக்கல்ல வைட்டமின் ஏ மாத்திரையும் வாங்கிடுங்க"ன்னு சொல்லிட்டு வந்தாங்கன்னு எழுதியிருந்த பாரு, அதான் தூக்கம் போச்சு.

நான் மருந்து பண்ணல க்கா. பெத்தெஸ்டானு இங்க ஒரு ஊர்ல, ஒரு லேப்ல ரத்தப் புற்றுநோய் செல் வளர்க்கிறேன், அவ்ளோதான். எச்எல்-60னு பேரு. 36 வயசுல லுக்கேமியா, அதான் ரத்தப் புற்றுநோய், வந்த ஒரு அம்மாவோட ரத்தத்துல இருந்து 1977ல இங்க தேசிய புற்றுநோய் நிறுவனத்துல எடுத்து வளர்த்தது, இன்னைக்கும் உலகம் பூரா லேப்ல பெருகிட்டே இருக்கு, அவங்க பேர் என்னன்னுகூட எனக்குத் தெரியாது. பனி கொட்டினாலும் சரி தீபாவளியானாலும் சரி, ரெட் லைன் மெட்ரோ புடிச்சு வந்து செக்யூரிட்டி கேட்ல வரிசைல நின்னு, இதுங்களுக்கு புது மீடியம், அதாவது செல்லுக்குச் சாப்பாடான திரவம், மாத்தியாகணும். போன தீபாவளிக்கு லேன்ஹாம் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போகலாம்னு இருந்தேன், செல் விடல.

இந்த செல்லெல்லாம் பத்தாவது பாஸே ஆகாம அதே க்ளாஸ்ல வருஷக்கணக்கா உக்காந்திருக்கிற பசங்க மாதிரி, முதிராது, ஆனா கூட்டம் மட்டும் பெருகும். வைட்டமின் ஏ-ல இருந்து வர்ற ரெட்டினாயிக் ஆசிட் போட்டா முதிர ஆரம்பிச்சுடும், முதிர்ந்த செல் சாதாரண வெள்ளணு கணக்கா கொஞ்ச நாள்ல தானா செத்துடும். இதை பிரைட்மேன்னு ஒரு விஞ்ஞானியோட குழு 1980லயே காட்டிட்டாங்க. அந்த ஆசிடுக்கு வெளிச்சமே ஆகாது, அதனால ட்யூபை அலுமினியம் ஃபாயில்ல சுத்தி, மங்கலான மஞ்சள் லைட்டுல தான் வேலை. அஞ்சு நாள் கழிச்சு என்பிடினு ஒரு சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பார்த்தா, தேறின செல்லுக்குள்ள மட்டும் கருநீலமா பொடிப்பொடியா தெரியும். சில செல் என்ன பண்ணினாலும் அசையாது, அது ஏன்னு பார்க்கிறதுதான் என் பொழப்பு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இது உண்மையிலேயே மனுஷங்களுக்கு வேலை செஞ்ச மருந்துதான். 1985ல ஷாங்காய்ல வாங் ஜென்யினு ஒரு டாக்டர், அஞ்சு வயசு பொண்ணு சாகக்கிடக்கிறப்ப ஆல்-ட்ரான்ஸ் ரெட்டினாயிக் ஆசிட் குடுத்துப் பார்த்தார், பொழைச்சுக்கிச்சு. 1988ல அவங்க எழுதின பேப்பர்ல 24 பேர்ல 23 பேருக்கு இந்த ஒரு மருந்துலயே நோய் அடங்கியிருக்கு. ஆனா இது ரத்தப் புற்றுநோய்ல ஏபிஎல்ங்கிற ஒரே ஒரு வகைக்குத்தான் க்கா. அதுல 15ஆவது குரோமோசோமும் 17ஆவதும் துண்டு மாத்திக்கும், அதனால பிஎம்எல்-ராரானு ஒரு கோணல் புரோட்டீன் உருவாகி செல் முதிர்றதை மறிச்சு நிக்கும், மருந்து போய் அதைத்தான் தட்டிவிடுது. சின்னப் பசங்களுக்கு வர்றது பெரும்பாலும் ஏஎல்எல்னு வேற ஒரு வகை, அதுக்கு வைத்தியமே வேற.

மெடிக்கல்ல விக்கிற வைட்டமின் ஏ இந்த மருந்தே இல்ல. அது ஈரல்ல போய் சேர்ந்துக்கிட்டே இருக்கும், அதிகமானா தலைவலி, வாந்தி, ஈரலே கெட்டுப்போகும். ஏற்கனவே கீமோ ஓடுற புள்ளைக்கு இது வேறயா? கீரை, கேரட் பத்தி கவலை இல்ல, உடம்பு தனக்கு வேணுங்கிற அளவுதான் மாத்திக்கும், ஆனா அதுவும் டாக்டரை கேட்டுட்டே குடுக்கச் சொல்லு. மாத்திரையை இன்னைக்கே நிறுத்தச் சொல்லு, இதுவரை குடுத்ததையும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லச் சொல்லு, திட்டு வாங்கினாலும் பரவால்ல.

அப்புறம் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பு, என்ன வகைன்னு எழுதியிருக்கும். ஒருவேளை ஏபிஎல்லா இருந்தா நம்ம ஊர்லயே பார்க்கலாம், வேலூர் சிஎம்சில ஆர்சனிக் ட்ரையாக்சைடுனு இன்னொரு மருந்து மட்டுமே குடுத்து ஏபிஎல் வந்த 72 பேருக்கு வைத்தியம் பார்த்து 2006ல பேப்பரே போட்டிருக்காங்க, அதை இங்க நாங்க மீட்டிங்ல வச்சுப் படிச்சோம். ஆனா ஏபிஎல்ல மொத சில நாள்ல ரத்தக்கசிவுதான் ஆளைக் கொல்லும், அதனால ஈறுல ரத்தம், உடம்புல ஊதா திட்டுனு எது இருந்தாலும் நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது.

அம்மாகிட்ட நீயே பக்குவமா சொல்லு, நான் சொன்னா கோச்சுக்கும். சாப்பிடுறேன், நல்லாத்தான் இருக்கேன், குளிருக்கு ஜாக்கெட்டும் வாங்கிட்டேன்னு சேர்த்துச் சொல்லிடு. ஞாயித்துக்கிழமை காலைல உங்க டைம் எட்டு மணிக்கு கூப்பிடுறேன், ரிப்போர்ட்டை கையில வச்சுக்கோ.

உன் தம்பி