பாதியில் நிற்கும் ஜமக்காளம்

பவானி

கண்ணு,

நல்லா இருக்கிறாயா? 5-ஆம் தேதி பணம் வந்துவிட்டது. வாரிசுச் சான்றிதழுக்கு உன் ஆதார் நகல் வேண்டுமாம், இ-சேவை மையத்தில் கேட்டார்கள். அதற்குத்தான் எழுதுகிறேன். ராத்திரி வேலை முடிந்து வந்து தலைக்குக் குளிக்காதே. உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது.

விதவை உதவித்தொகைக்கு எழுதிப் போடு என்று மேட்டு வீட்டு அக்கா தினமும் சொல்கிறாள். என் மகன் மாதம் தவறாமல் அனுப்புகிறான், எனக்கு எதற்கு என்று சொல்லிவிட்டேன். அனுப்புகிறாய்தான். ஆனால் உன் குரலைக் கேட்டு ஆறு வாரம் ஆகிறது. ஆடி அமாவாசைக்குக் கூடுதுறையில் உன் சித்தப்பாதான் எள்ளும் தண்ணீரும் விட்டார்.

தறியில் அந்த ஜமக்காளம் அப்படியே நிற்கிறது. பச்சையும் சிவப்பும் முடிந்து, கறுப்புப் பட்டை நாலு விரல் அகலம் ஓடியிருக்கிறது. பெரிய அளவு. தறிக்குழியில் இரண்டு பேர் உட்கார்ந்து, ஊடை நூல் ஓட்டும் நாடாவை மாற்றி மாற்றி விட வேண்டும். நான் விட்டால் அந்தப் பக்கம் வாங்க ஆள் இல்லை. பாவு நூலைக் கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். அறுத்துக் கொடுக்க மனசு வரவில்லை. சாயங்காலம் என் பக்கத்தில் காலை விட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி தலைக்குக் குளிக்காதே.

அப்புறம் ஒன்று. போனில் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் புதன்கிழமை ராத்திரி, ‘அப்பாவே உன்னை வர வேண்டாங்கிறார்’ என்று சொன்னேனே, அவர் அப்படிச் சொல்லவில்லை கண்ணு. புது வேலை, லீவு எடுத்தால் போய்விடுமோ, டிக்கெட் காசு வேறு என்று நானாகச் சொன்னது. போன வருஷம் மாதிரி இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று நம்பினேன். அவர் மூச்சிரைக்க, ‘பையன் கிளம்பிட்டானா?’ என்று கேட்டார். வந்துகொண்டே இருக்கிறான் என்றேன். விடிவதற்குள் மூன்று தடவை கேட்டுவிட்டார்.

வீட்டு விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் அவர் உன்னை வர வேண்டாம் என்றார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். காரியம் முடிந்து தறிப் பக்கமே திரும்பாமல் நீ கிளம்பியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

திட்டுவதானாலும் கூப்பிட்டுத் திட்டு. பத்து மணிக்கு மேல் ஆனாலும் முழித்துத்தான் இருப்பேன். ஆதாரை இரண்டு பக்கமும் எடுத்து அனுப்பு.

அம்மா