ரசிகர், பக்தர், வெறியர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சினிமா ரசிகர்களைப் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைக் கடையில் உட்கார்ந்தே படித்தேன். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவன், முதல் காட்சிக்காக வேலைக்கு லீவு போடுகிறவன், போனில் அடுத்தவன் வீட்டுப் பெண்களை இழுத்துத் திட்டுகிறவன் என்று எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டு, மன்றங்களைத் தடை செய்தால் சரியாகிவிடும் என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். எனக்கு ஒப்பவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகத் திண்டுக்கல்லில் பேனர் தொழில் செய்கிறேன். முதலில் பிரஷ், அப்புறம் ஃப்ளெக்ஸ். அதற்கும் முன்னால் நானே ஒரு மன்றத்தின் கிளைச் செயலாளர். அதனால் இந்தக் கூட்டத்தை உள்ளேயிருந்தும் பார்த்திருக்கிறேன், கல்லாவில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன்.

1991 தீபாவளிக்கு 'தளபதி'யும் 'குணா'வும் ஒரே நாளில், நவம்பர் 5ஆம் தேதி வந்தன. நான் கமல் பக்கம். முந்தின ராத்திரி நாங்கள் நாலு பேர் ஒரு வாளிச் சாணியைக் கரைத்துக்கொண்டு போய் ரஜினி போஸ்டர்களில் அடித்தோம். அதை ஒட்டியவன் என் பள்ளிக்கூடத்து நண்பன். பசை காய்ச்ச மைதா வாங்கவே அவன் அம்மாவிடம் கெஞ்சியிருந்தான் என்பது எனக்குத் தெரியும். காலையில் போஸ்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. ரெண்டு வருடம் பேசவும் இல்லை. அதே மாதம் கமல் பிறந்தநாளுக்கு நாங்கள் அதே நாலு பேரும் பெரியாஸ்பத்திரியில் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தோம். 2002இல் அவர் தன் உடலைச் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு தானமாக எழுதிக் கொடுத்தபோது எங்கள் கிளையிலும் கண்தானப் படிவம் வாங்கிக் கையெழுத்துப் போட்டோம். சாணி அடித்த கையும் ரத்தம் கொடுத்த கையும் ஒன்றுதான். கட்டுரையாளர் இதைத்தான் பார்க்கத் தவறிவிட்டார் என்று நினைக்கிறேன்.

என் தொழில் எழுத்து சம்பந்தப்பட்டது. ஆகவே வார்த்தைகள் மாறுவது முதலில் என் கண்ணில்தான் படும். நான் பிரஷ் பிடித்த காலத்தில் பேனரில் 'ரசிகர் நற்பணி மன்றம்' என்று எழுதச் சொல்வார்கள். பிறகு 'பக்தர்கள்' வந்தார்கள். இப்போது, 'இவண்' என்று போட்டு அதற்குக் கீழே 'வெறியர்கள்' என்று அடிக்கச் சொல்கிறார்கள். யாரும் வைத்த பட்டப்பெயர் இல்லை, அவர்களே பெருமையாகச் சூட்டிக்கொள்வது. ரசிகர் என்றால் ரசிக்கிறவர். வெறியருக்கு அந்த வேலை இல்லை. காலை ஒன்பது மணிக் காட்சி முடிந்து கடைக்கு டீ குடிக்க வருகிற பையன்களிடம் "படம் எப்படிடா?" என்று கேட்டுப் பாருங்கள். "மொத நாள் வசூல் அவங்க ரெக்கார்டைத் தூக்கிடும்ணே" என்று பதில் வரும். பாட்டு எப்படி, சண்டை எப்படி, இடைவேளைக்குப் பின்னால் இழுக்கிறதா என்று ஒரு வார்த்தை வராது. வசூல் கணக்கை வைத்து இவர்களுக்கு என்ன ஆகப்போகிறது, பங்கு ஏதும் வருமா? இந்த இடத்தில்தான் எனக்கு உறுத்துகிறது. சம்பளத்தில் ஐந்நூறு ரூபாய் போட்டுப் பத்துப் பேர் சேர்ந்து ஃப்ளெக்ஸ் அடிப்பதிலோ, அடியில் பாஸ்போர்ட் சைஸில் தங்கள் முகம் எந்த வரிசையில் வரவேண்டும் என்று என் கடையில் மணிக்கணக்காகச் சண்டை போடுவதிலோ இல்லை. அதெல்லாம் சந்தோஷம். திருவிழாவுக்குச் சட்டை எடுப்பது மாதிரி.

நாலைந்து வருடத்துக்கு முன்னால் மூன்று பையன்கள் வந்தார்கள். பத்துக்கு ஆறு ஃப்ளெக்ஸ் வேண்டுமாம். டிசைனைப் போனில் காட்டினார்கள். எதிர் நடிகரின் படம், அதைச் சுற்றி மாலை, பக்கத்தில் குத்துவிளக்கு, மேலே 'கண்ணீர் அஞ்சலி'. தோற்றம், மறைவு என்று தேதி வேறு. ஆள் நன்றாக உயிரோடு இருக்கிறார்.

"தம்பி, இதை அடிக்க மாட்டேன்."

"சும்மா ஜாலிக்குத்தான்ணே. அவனுங்க போன மாசம் எங்காளுக்குப் போட்டானுங்க."

"அந்த மனுசனுக்குப் பிள்ளைகள் இருக்குப்பா."

கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களுக்கு ஃப்ளெக்ஸ் தேவையே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. 2019 ஜூலையில் நடிகர் விஜய் இறந்துவிட்டதாக ஒரு ஹேஷ்டேக்கை எதிர்முகாம் ரசிகர்கள் இந்திய அளவில் ட்ரெண்டிங்கில் கொண்டுவந்தார்களே, அதற்கு எந்தக் கடைக்காரனிடம் அனுமதி கேட்டார்கள்? அதற்கும் முன்னால், 2017இல், விஜய்யின் 'சுறா' படத்தை இடைவேளையோடு எழுந்து வந்துவிட்டேன் என்று போகிற போக்கில் எழுதிய ஒரு பெண் பத்திரிகையாளரை நாள்கணக்கில் ஆபாசமாகத் திட்டினார்கள். பெண்களை மதிக்க வேண்டும் என்று விஜய்யே அறிக்கை விடவேண்டி வந்தது. ஏழு வருடப் பழைய படம் அது. அந்தப் படத்தைக் காப்பாற்றவா அத்தனை பேர் புறப்பட்டார்கள்? அடிக்க ஓர் ஆள் கிடைத்தார், அவ்வளவுதான்.

மன்றத்தைக் கலைத்தால் இது நின்றுவிடுமா? அஜித் 2011லேயே கலைத்துவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அதற்குப் பின்னாலும் தன்னை 'தல' என்று கூப்பிட வேண்டாம் என்று 2021இல் சொன்னார், 2024 டிசம்பரில் 'கடவுளே அஜித்தே' கோஷத்தை நிறுத்தச் சொன்னார். சங்கடப்பட்டுத்தான் சொல்லியிருப்பார். ஆனால் ரசிகர்கள் எங்கே போனார்கள்? அங்கேயேதான் இருக்கிறார்கள். பதில் சொல்ல வேண்டிய தலைவரும் செயலாளரும்தான் இல்லாமல் போனார்கள். எங்கள் காலத்தில் மன்றத்துக்குப் பதிவு எண் உண்டு. தகராறு செய்தால் மாவட்டத்திலிருந்து கடிதம் வரும், கிளையையே நீக்கிவிடுவார்கள். அந்தச் சாணி விவகாரத்துக்கு என்னைக் கூப்பிட்டு வைத்துக் காய்ச்சினார் எங்கள் மாவட்டத் தலைவர். இப்போது முகமில்லாத ஒரு கணக்கை யார் கூப்பிட்டுக் காய்ச்சுவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டுரையாளர் சாவுகளையெல்லாம் வரிசையாக அடுக்கி, எல்லாவற்றுக்கும் 'வெறி' என்று தலைப்புப் போட்டுவிட்டார். 2023 ஜனவரி 11ஆம் தேதி, 'துணிவு' வெளியான அதிகாலையில், கோயம்பேட்டில் லாரி மேல் ஏறி ஆடிய பையன் விழுந்து இறந்தது வேறு கதை. அவனைக் கீழே இறக்கக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. நடு ராத்திரி ஒரு மணிக்குக் காட்சி வைத்தவர்களையும் கேட்க வேண்டும். ஆனால் 2024 டிசம்பரில் ஹைதராபாத்தில் 'புஷ்பா 2' சிறப்புக் காட்சி நெரிசலில் இறந்த பெண்மணி குடும்பத்தோடு படம் பார்க்க வந்த ஒரு தாய். அவரிடம் என்ன வெறியைக் கண்டார் கட்டுரையாளர்? வாசலைத் திறப்பது, கூட்டத்தைப் பிரிப்பது, நடிகர் எந்த வழியாக வருகிறார் என்று பார்ப்பது எல்லாம் ஏற்பாடு செய்தவர்கள் வேலை. செத்தவர்களை வெறியர்கள் என்று சொல்லிவிட்டால் இவர்களுக்கெல்லாம் எவ்வளவு சௌகரியம் பாருங்கள்.

இதில் என் பங்கும் இருக்கிறது, மறைக்கவில்லை. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன பெண் இன்ஜினீயர் மேல் பேனர் சரிந்து, பின்னால் வந்த லாரி ஏறி இறந்துபோனார். அது அரசியல் கட்சிக்காரர் வீட்டுக் கல்யாண பேனர், சினிமாவுடையது அல்ல. ஆனாலும் அன்று ராத்திரி நான் அடித்துக் கொடுத்த பேனரெல்லாம் எந்தெந்தச் சந்திப்பில், என்ன கம்பில் நிற்கிறது என்று நினைத்துப் பார்த்துத் தூக்கம் வரவில்லை. விஜய்யும் சூர்யாவும் ரசிகர்களைப் பேனர் வைக்க வேண்டாம் என்றார்கள். அந்த மாதம் கடையில் ஈ ஓட்டினேன். வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் பையன்களில் சிலர் பேனர் காசைத் தூக்கி ஒரு பள்ளிக்கூடத்துக்கு நோட்டு வாங்கிக் கொடுத்தார்கள். அதற்கும் ஒரு சின்ன ஃப்ளெக்ஸ் கேட்டார்கள் என்பது தனி. சுவரில் ஒட்டுகிற அளவுக்கு அடித்துக் கொடுத்தேன்.

பெங்களூரைப் பாருங்கள். 2006 ஏப்ரலில் கன்னட நடிகர் ராஜ்குமார் இறந்தபோது கலவரம், துப்பாக்கிச்சூடு, பல உயிர்கள் போயின. 2021 அக்டோபரில் அவர் மகன், நடிகர் புனித் திடீரென்று இறந்தார். அதே ஊர், அதே மாதிரிக் கண்ணீர், லட்சக்கணக்கில் கூட்டம். ஆனால் அந்த மாதிரிக் கலவரம் இல்லை. அப்பாவைப் போலவே அவர் கண்களும் தானம் செய்யப்பட்டன. அதைப் பார்த்துக் கர்நாடகம் முழுக்க ரசிகர்கள் கண்தானத்துக்குப் பெயர் கொடுக்க வரிசை கட்டினார்கள். பாசம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. போவதற்கு ஒரு வழி கிடைத்தது.

அந்தப் போஸ்டர் நண்பன் இப்போது என் கடைக்குப் பக்கத்தில்தான் மொபைல் ரிப்பேர் பார்க்கிறான். 'தளபதி'யை டிவியில் போட்டால் இன்னும் கடையைப் பாதி சாத்திவிட்டுப் பார்ப்பான். நானும் போய் உட்காருவேன். போன வாரம் என் கடை வாசலில் ஒரு போர்டு எழுதி வைத்தேன், ரொம்ப நாளைக்குப் பிறகு பிரஷ்ஷால்: "உயிரோடு இருப்பவர்களுக்கு இங்கே அஞ்சலி அடிக்கப்பட மாட்டாது." படித்துவிட்டுச் சிரித்தான். கீழே 'சாணியும் விற்கப்பட மாட்டாது' என்று சேர்க்கச் சொன்னான்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். எல்லா மன்றத்துப் பையன்களும் என் கடைக்குத்தான் வருகிறார்கள்.

இப்படிக்கு,
பழைய கிளைச் செயலாளர் ஒருவர்,
திண்டுக்கல்